இடது பக்கத்து ஆர்மோனியம்

போன வாரம் எங்கள் பாடகர் குழுத் தம்பி ஒருவன் வாட்ஸப்பில் கேட்டான்: "அண்ணே, ரொசினியோட மாஸ் (திருப்பலி இசை) எந்த ரெக்கார்டிங் வாங்கலாம்?" ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் என்னிடம் ஒன்பது வருடமாக இருக்கும் இரட்டை சிடி செட்டின் பெயரைச் சொல்லி, இதைத் தவிர எதை வேண்டுமானாலும் வாங்கு என்று பத்து நொடியில் முடித்திருப்பேன். இப்போது அவ்வளவு சுலபமாக வாய் வரவில்லை. அவன் கேட்பதற்கு இரண்டு நாள் முன்புதான் என் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரிலிருந்து திரும்பியிருந்தது.

செட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசிய பேச்சுக்கு, இனி பெயரை வேறு போட்டு எழுதினால் தாங்காது.

ரொசினி என்ற இத்தாலிய இசையமைப்பாளர் என்றால் பலருக்கும் 'பார்பர் ஆஃப் செவில்' என்ற ஓப்பரா (இசை நாடகம்) ஞாபகம் வரும், அல்லது குதிரைகள் ஓடுவது போன்ற அந்த 'வில்லியம் டெல்' முகப்பிசை. 1829இல் 'வில்லியம் டெல்'லை முடித்தபோது அவருக்கு 37 வயது. அதற்குப் பிறகு ஓப்பரா பக்கமே போகவில்லை. 1863இல் பாரிசை ஒட்டிய பாஸியில், தன் கோடை வீட்டில் உட்கார்ந்து இந்தத் திருப்பலி இசையை எழுதினார். பெயர் 'பெட்டீட் மெஸ் சொலனெல்'. நம் கோயில் பாஷையில் சொன்னால் 'சின்னதொரு பாட்டுப் பூசை'. ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலே போகும் 'சின்னது'. அதில் பாதி இடங்களில் காலால் தாளம் போடாமல் உட்கார முடியாது. விசுவாசப் பிரமாணத்துக்கு அவர் எழுதிவைத்த வேகக் குறிப்பு 'அலெக்ரோ கிறிஸ்தியானோ'. கிறிஸ்தவத்தனமான வேகம்! கடைசியில் கடவுளுக்கே ஒரு கடிதம் வேறு: நான் நகைச்சுவை ஓப்பராவுக்குப் பிறந்தவன், உமக்கே தெரியும், இது புனித இசையா பாழாய்ப்போன இசையா, கொஞ்சம் வித்தை, கொஞ்சம் மனசு, அவ்வளவுதான், எனக்கு மோட்சத்தைக் கொடும் என்கிற தோரணையில்.

இதற்கு அவர் கேட்டது மிகக் குறைவு. பாட மொத்தம் 12 பேர், அதில் நால்வர் தனிப்பாடகர்கள். இரண்டு பியானோ, ஒரு ஆர்மோனியம். 1864 மார்ச் 14 அன்று பாரிசில் கவுன்ட் பிய்யே-வில் வீட்டில் முதல்முறை பாடினார்கள். ஆர்மோனியத்தில் உட்கார்ந்தவர் அல்பேர் லவிஞ்ஞாக், வயது 18. ரொசினி பியானோக்காரருக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு, தலையை ஆட்டி வேகம் காட்டினாராம்.

அந்தப் பதினெட்டு வயசுப் பையனைத்தான் ஒன்பது வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தேன். என் செட்டில் அவன் இல்லை. பியானோ இருக்கிறது, கணீரென்று. குரல்கள் இருக்கின்றன. ஆர்மோனியம் மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ ஃபேன் போட்டது போல. சிடி உறையில் வாசித்தவர் பெயர் அழகாக அச்சாகியிருக்கிறது, அதைப் பார்க்கும்போது இன்னும் ஆத்திரம் வரும்.

ஆர்மோனியத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். எங்கள் பங்குக்கோயில் மாடியில் ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. நான் வளர்ந்ததே அதன் மிதிகட்டைச் சத்தத்தில். 1842இல் பாரிசில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கிய சாதனத்தின் வம்சம்தான் அது, நம்மூர் பஜனைப் பெட்டியும் அதே வம்சம். (அந்தப் பெட்டியை அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை உள்ளேயே விடவில்லை என்பது தனிக்கதை.) பிரெஞ்சு ஆர்மோனியத்தில் ஒரு விசேஷம்: 'எக்ஸ்ப்ரெஷன்' என்ற ஸ்டாப்பை இழுத்தால் காற்று சேமிப்புத் துருத்திக்குப் போகாமல் நேராக, சத்தம் எழுப்பும் உலோக நாக்குகளுக்குப் போகும். கால் அழுத்துவதற்குத் தக்க சத்தம் ஏறும், இறங்கும். பெட்டி மூச்சு விடும். பியானோவால் ஒரு ஸ்வரத்தைத் தட்டத்தான் முடியும், பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ரொசினி இரண்டையும் ஒன்றாக உட்கார வைத்தது அதற்குத்தான்.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், 'ஆண்டவரே இரக்கமாயிரும்'. பியானோவின் இடது கை பூனை நடை போடுகிறது. வலது கை ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு சொடுக்குச் சொடுக்குகிறது. கிட்டத்தட்ட கிளப் பாட்டு. அதன் மேல் ஆண் குரல்கள் முணுமுணுப்பாக 'கீரியே' (ஆண்டவரே) என்று நுழையும்போது, கீழே நீளமாக ஒரு ஆர்மோனியப் பிடிப்பு வேண்டும். அது இருந்தால் அந்தத் துள்ளலுக்கு நடுவே கோயில் வந்துவிடும். இல்லாவிட்டால் பியானோ வாசிக்கும் ஹோட்டல் லாபிதான். நான் ஒன்பது வருடம் கேட்டது லாபி.

சரி, ஆம்ப் கதைக்கு வருகிறேன். ரொசினிக்காக அதை ரிப்பேருக்குக் கொண்டுபோகவில்லை. வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம், வீட்டில் திட்டு. ரிச்சி தெருவில் ஒருவரிடம் கொடுத்தேன். திறந்து, குமிழைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், நீங்க ராத்திரிலதான் பாட்டு கேப்பீங்களா?" ஜோசியக்காரரிடம் மாட்டியது போல இருந்தது. ஆமாம், எல்லாரும் தூங்கியபிறகு, மெதுவாக வைத்துத்தான் கேட்பேன். "வால்யூம் கன்ட்ரோல்ல கார்பன் தேஞ்சிருக்கு. சத்தமா வெச்சா ரெண்டு பக்கமும் வரும். கம்மியா வெச்சா லெஃப்ட் படுத்துடும்." புதிதாக ஒன்று போட்டு 650 ரூபாய் வாங்கினார்.

அன்று ராத்திரி முதலில் போட்டது அந்தச் செட்டைத்தான். கூலி 650 ரூபாயை எண்ணிப் பொருமிக்கொண்டே போட்டேன். இடது ஸ்பீக்கரிலிருந்து ஆர்மோனியம் மூச்சு விட்டது. அந்தப் பிடிப்பு, அந்த மூக்கடைத்த குரல், எங்கள் கோயில் மாடியின் வாசனை உட்பட.

அதைவிட இன்னொன்று. பின்பாதியில் 'பிரெலூட் ரெலிஜியோ' என்று நீண்ட பியானோ பகுதி உண்டு. 'முதுமைப் பாவங்கள்' என்று கிண்டலாகப் பெயர் வைத்துத் தான் எழுதிச் சேர்த்த சில்லறை உருப்படிகளிலிருந்து ரொசினி எடுத்துச் செருகியது. அது முடிந்து 'தூயவர், தூயவர்' தொடங்குவதற்கு முன் என் செட்டில் ஒரு வெற்றிடம் வரும். எடிட்டிங்கில் தூங்கிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன், பலரிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். அது வெற்றிடம் இல்லை. ஆர்மோனியம் மட்டும் தனியாகச் சில அடிகள் வாசித்து, பின்னணியே இல்லாமல் பாடப்போகும் குழுவுக்குச் சுருதி எடுத்துக் கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மாடியில் நடப்பது அச்சு அசல் அதுதான்: பெட்டிக்காரர் சுருதி கொடுப்பார், நாங்கள் தொண்டையைச் செருமுவோம். ஒன்பது வருடம் அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறேன்.

இதற்குமேல் மன்னிப்புக் கேட்டு முடிப்பதுதான் நியாயம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஆர்மோனியத்தை இவ்வளவு ஓரமாக ஏன் உட்கார வைக்க வேண்டும்? ஒரு பக்கம் படுத்துவிட்டால் ஆளே காணாமல் போகும் அளவுக்கா? இன்னொன்று, இப்போது மிதிகட்டை கிறீச்சிடுவதும் கேட்கிறது. 'ஆட்டுக்குட்டி' பாட்டில் ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்) கெஞ்சிக் கெஞ்சிப் பாட, குழு துணையில்லாமல் மெதுவாக 'சமாதானம் தாரும்' என்று பதில் சொல்லும் இடத்தில் ஒரு கிறீச். எண்ணெய் போட ஆள் இல்லையா?

மற்ற பதிவுகளைப் பற்றித் தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் போடுகிறேன். ஆர்கெஸ்ட்ரா வடிவம் வேண்டாம். இசை நடத்துநர் பப்பானோ ரோமில் சான்டா செசிலியா குழுவை வைத்துச் செய்தது பிரமாதமான வேலைதான். ஆனால் ரொசினி அந்த வடிவத்தை எழுதியதே பயத்தில். தான் செத்தபிறகு, சாக்ஸபோனைக் கண்டுபிடித்த சாக்ஸ் தன் சாக்ஸபோன்களோடும், இசையமைப்பாளர் பெர்லியோஸ் தன் ஆர்கெஸ்ட்ராப் பெரும்படையோடும் வந்து, தன் நாலு குரல்களைக் கொன்றுவிடுவார்கள் என்று முந்திக்கொண்டார். அதில் ஆர்மோனியத்தின் இடத்தில் ஆர்கன். எனக்கு அதோடு ஆர்வம் போய்விடும்.

காந்தல்ஃபி நடத்திய பதிவில் ஓப்பரா பாடகர்கள் ஃப்ரேனியும் பவரோட்டியும் இருக்கிறார்கள். 'தோமினே தேயுஸ்' என்ற டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பாட்டில் பவரோட்டி நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருவதைக் கேட்பதே ஒரு சுகம், பூசைக்கு வந்தவர் போல மட்டும் இல்லை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் பாடகர் குழுவை கிளியோபரி நடத்திச் செய்ததில் லாபெக் சகோதரிகள் பியானோ. நல்ல ஜோடி. அதில் எனக்கு ஒரு குறும்புச் சந்தோஷமும் உண்டு: கோயிலில் சிறுவர் குரல்களுக்குப் பதில் பெண்கள் பாட அனுமதி வேண்டுமென்று போப் ஒன்பதாம் பத்திநாதரிடம் மன்றாடித் தோற்றவர் ரொசினி. அவருடைய பூசையை அங்கே மேல்குரலில் சிறுவர்கள் பாடுகிறார்கள்.

அப்புறம் சவாலிஷ் நடத்திய பதிவு, 1972. அவரே பியானோவில் உட்கார்கிறார், ஃபாஸ்பெண்டர், ஷ்ரையர், ஃபிஷர்-டீஸ்காவ் பாடுகிறார்கள். பாஹின் கோயில் இசை பாடிப் பழகிய வாய்கள். ரொசினியின் குறும்பு கொஞ்சம் இஸ்திரி போட்டது போல இருக்கும். என் செட்டில் குரல்கள் அதைவிட இளசு, துள்ளல் அதிகம். இப்போது ஆர்மோனியமும் வந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் என் செட்டுக்குத்தான் என் ஓட்டு, சந்தேகமே இல்லை.

தம்பிக்கு சவாலிஷை வாங்கச் சொல்லிவிட்டேன். "உங்ககிட்ட இருக்கிறது வேணாமா அண்ணே?" என்றான். வேண்டாம் என்றேன். ஒன்பது வருடக் கடுப்பு 650 ரூபாயில் இறங்காது போல. என் செட் இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று தெரிந்தும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சேர்த்து அனுப்பினேன்: எதை வாங்கினாலும் முதல் ராத்திரி, சத்தத்தை நன்றாகக் குறைத்து, ஒரு காதை இடது ஸ்பீக்கரில் வைத்துக் கேள். பிறகு வலதில். அவன் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். ஹெட்போனில்தான் கேட்பானாம்.