வெயிலுக்குப் பூக்கிற மூன்று செடிகள்: வள்ளியூர்ப் பக்கம் குடில் போடுகிறவர்களுக்கு

பூச்செடி விற்கப் பசுமைக்குடில் போடப்போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வெயிலை எப்படிச் சமாளிப்பது?" என்றுதான். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ், அடினியம் என்று வெயில் தாங்குகிற செடியையே எடுத்துக்கொண்டால் அந்தக் கவலை பாதி தீர்ந்தது. மிச்சம் இருப்பது மழையும் காற்றும்தான். குடிலையும் செடியையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

விசிறியும் ஈரப் பேடும் (தண்ணீர் ஓடவிட்டு உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் அட்டை) வைத்த மூடிய பாலித்தீன் குடில், அதாவது பாலிஹவுஸ், ஜெர்பராப் பூவுக்குச் சரி. ஓசூரில் அது ஓடுகிறது என்றால் அங்கே குளிர்ந்த காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இங்கே மேயில் வெளியே 38 டிகிரி. கரண்ட் போய் விசிறி நின்றால் உள்ளே 45ஐத் தொட அதிக நேரம் ஆகாது. ஆனி, ஆடியில் காற்று வறண்டு வீசுவதால் பேட் நன்றாகவே குளிர்விக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் உப்புள்ள போர்த் தண்ணீரை ஓட்டினால் பேடில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வெயிலுக்கு அஞ்சாத செடிக்கு இந்தச் செலவு எதற்கு?

50 சதவீத நிழல்வலை மலிவு. கனகாம்பரத்துக்கும் நாற்றுக்கும் நல்லது. வெயில் விரும்பும் செடி அதற்குள் நெட்டையாக ஓடிப் பூவைக் குறைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையும் நேராகத் தொட்டிக்குள் இறங்கும்.

நான் கடைசியில் வந்து நின்றது மழைக்கூரையில். மேலே 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட், பக்கங்கள் திறந்தவை, முகட்டில் சூடு வெளியேற ஒரு திறப்பு. அந்தத் திறப்பை முதல் வருடம் மேற்குப் பார்த்து வைத்தேன். ஆடியில் ஓர் இரவு மேல்காற்று அதற்குள் புகுந்து, காலையில் போய்ப் பார்த்தால் ஷீட் பாதி பக்கத்து வயலில் கிடந்தது. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிற ஊர்ப்பக்கம் இதை நான் யோசித்திருக்க வேண்டும். இப்போது திறப்பு கிழக்கே பார்க்கிறது; வடகிழக்கு மழைக்கு மட்டும் ஒரு சுருட்டுத் திரை.

சரி, செடிக்கு வருவோம்.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் உண்டு. இப்போதைய கலப்பின ரகங்களைத் தொட்டியில் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். மூன்றில் என் தேர்வு இதுதான். விதைத்து இரண்டரை, மூன்று மாதத்தில் பூவோடு விற்கலாம். விதை முளைக்க இருட்டு வேண்டும். விதைத்த குழித்தட்டை (சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) முளைவிடும் வரை மூடி வையுங்கள். இதன் எமன் தண்ணீர். இரண்டு நாள் மழையில் நனைந்த தொட்டியைப் பாருங்கள்: மண்ணை ஒட்டிய தண்டு கறுத்திருக்கும், மேலே இலை பச்சையாகவே தொங்கும். அந்தச் செடி பிழைக்காது, பக்கத்துத் தொட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். கூரை போடச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, கடின நீர் ஊற்றினால் நரம்பு பச்சையாக இருக்க இடையில் இலை மஞ்சளாகும். இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். தாமிரபரணித் தண்ணீர் கிடைக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டி கட்டிப் பிடியுங்கள்.

டேபிள் ரோஸ், அதுதான் பத்துமணிப்பூ, முதலீடே இல்லாத செடி. இரண்டு அங்குலத் தண்டை ஒடித்து நட்டால் பத்து நாளில் வேர். விலையும் அதற்கேற்பக் குறைவு. சிக்கல் விற்கும் நேரத்தில் வரும். காலை எட்டு மணிக்கு வருகிறவர் பார்ப்பது மூடிய மொட்டுகளைத்தான். மாலையில் வருகிறவருக்கும் அதே கதி. நிழலில் வைத்தால் பகலிலும் முழுதாக விரியாது. இதைக் கூரைக்கு வெளியே வெட்டவெளி மேடையில் வளருங்கள், அடைமழைக்கு மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

அடினியம், பாலைவன ரோஜா என்பார்களே, அது வேறு வகை. புது விதை ஒரு வாரத்தில் முளைக்கும், பூ பார்க்க ஒரு வருடம் பிடிக்கும். நல்ல நிறம் வேண்டுமென்றால் ஒட்டுக் கட்ட வேண்டும். ஒட்டுக்கு அறுக்கும்போது வடியும் பால் விஷம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அடி பருத்துத் தண்ணீரைச் சேர்த்து வைப்பதால் ஒரு வாரம் மறந்தாலும் தாங்கும், ஈரம் தேங்கினால் அந்தப் பருத்த அடியே அழுகும். ஒரு செடி தருகிற விலையைப் பத்து நித்தியகல்யாணி சேர்ந்துதான் தரும் என்றாலும், அதற்குள் நித்தியகல்யாணி மூன்று, நான்கு சுற்று போய்விடும். கையில் காசு சுழல வேண்டிய முதல் வருடத்தில் இதை மட்டும் நம்பி இறங்குவது சரியில்லை.

என் குடிலில் இப்போது முக்கால்வாசி இடம் நித்தியகல்யாணிக்கு. ஒரு வரிசை அடினியம் தன் வேகத்தில் பருத்துக்கொண்டிருக்கிறது. டேபிள் ரோஸை வெளி மேடையில், வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன். விலைப் பலகையில் "பத்து மணிக்கு மேல் வந்து பாருங்கள்" என்றும் எழுதியிருக்கிறேன்.