மூடுபனி ஒன்றைத் தவிர: ப்ளெண்டரில் கெல்டிக் மாயக்காடு, பயன்பாட்டு அனுபவம்

"ப்ளெண்டர்ல ஒரு கெல்டிக் மாயக்காடு பண்ணப் போறேன், 12 ஜிபி 3060 கிராஃபிக்ஸ் கார்டு போதுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ப்ளெண்டர் என்பது இலவச முப்பரிமாண மென்பொருள். தாராளமாகப் போதும். கார்டைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அவர் கேட்டிருக்க வேண்டியது மூடுபனியைப் பற்றி. இந்த மாதிரிக் காட்சியில் மரம், இலை, பாசி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து தரும் தொல்லையைவிட மூடுபனி ஒன்றே தரும் தொல்லை அதிகம். ப்ளெண்டரில் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் (ரெண்டர் செய்யும்) சைக்கிள்ஸ் எஞ்சினோடு நெடுநாள் குடித்தனம் நடத்துபவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இங்கே எழுதுவதெல்லாம் ப்ளெண்டர் 4.2 எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு. நோட் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எந்தக் காடு என்று முடிவு செய்துவிடுங்கள். ஒளிரும் காளான், ஊதா வெளிச்சம், கல்லுக்குக் கல் முச்சுருள் சின்னம் என்று போட்டால் அது எந்த நாட்டுக் காடும் இல்லை. அயர்லாந்துக் கதைகளில் கைக்கு அடக்கமான காட்சி ஒன்று இருக்கிறது. அரசன் கோர்மக் மறுவுலகில் காணும் கிணறு அது. ஒன்பது ஹேசல் மரங்கள் அதன்மேல் கவிந்திருக்கும். கொட்டைகள் தண்ணீரில் விழ, ஐந்து சால்மன் மீன்கள் அவற்றை உடைத்துத் தின்னும், கொட்டைத் தோடுகள் ஐந்து ஓடைகளில் மிதந்து போகும். இதே போன்ற இன்னொரு கிணற்றைப் பற்றிய பழைய இடப்பெயர்ப் பாடலில் இலை, பூ, கொட்டை மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன. இயற்கையில் ஹேசல் பூப்பது குளிர்காலத்தில், இலை துளிர்ப்பதற்கு முன்பு. கொட்டை முற்றுவது செப்டம்பர், அக்டோபரில். ஒரே கிளையில் பூச்சரத்தையும் பழுத்த கொட்டையையும் சேர்த்துத் தொங்கவிட்டால் போதும், மரம் தெரிந்தவர் பார்த்தவுடன் இது மறுவுலகம் என்று புரிந்துகொள்வார். ஒளிரும் காளானுக்கு வேலையே இல்லை.

சில பொருட்களைத் தவிர்த்துவிடலாம். ட்ரூயிடுகள் என்ற கெல்டிக் பூசாரிகள் ஓக் மரத்திலிருந்து மிசில்டோ என்ற புல்லுருவியைத் தங்க அரிவாளால் அறுத்ததாக ரோமானியர் பிளினி எழுதியது கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டைப் பற்றி. அயர்லாந்தில் அது இயல்பாக வளரும் செடி அல்ல. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைமேட்டு முச்சுருள் சுமார் கி.மு. 3200ஐச் சேர்ந்தது, கெல்டிக் மொழி பேசியவர்களுக்கு வெகு முந்தியது. அயர்லாந்தின் பழைய ஓகம் எழுத்து 20 குறிகள் கொண்டது. நினைவுக்கற்களில் அதை விளிம்பில் வெட்டி, கீழிருந்து மேலாக வாசிப்பார்கள். கல்லின் நடுவில் வட்டமாக எழுதி நீல ஒளி ஏற்றினால் அது ஓகம் ஆகாது. அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஹேசல் ஒற்றைத் தண்டு மரம் இல்லை. அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பும் புதர்மரம், 5, 6 மீட்டர் உயரம் போதும். சாப்லிங் ட்ரீ ஜென் ஆட்-ஆன் இதற்குச் சரியாக வரும். 4.2 முதல் அது கூடவே வருவதில்லை, எக்ஸ்டென்ஷன்ஸ் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். கிளை நிலையை 3க்கு மேல் ஏற்றாதீர்கள், 4 வைத்தால் ஸ்லைடரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் உறைந்து நிற்கும். சாப்லிங்கிலேயே இலையைப் போட வேண்டாம். மூன்று விதத் தண்டுகள் செய்து, திருப்பியும் அளவு மாற்றியும் ஒன்பது புதர்களாகச் சேர்த்து, இலையை ஜியாமெட்ரி நோட்ஸில் இன்ஸ்டன்ஸாக (நினைவகம் தின்னாத நகல்களாக) தூவுங்கள். இணையக் கடை ஒன்றில் காசுக்கு வாங்கிய ரெடிமேட் மரத்தொகுப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் 8கே டெக்ஸ்சர். மூன்று மரத்திலேயே கார்டு நினைவகம் நிரம்பி ரெண்டர் நின்றுவிடும். அதில் ஹேசலும் கிடையாது, போனஸாக ரோடோடெண்ட்ரான் வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தில் கெரி மாவட்டத்துக் கில்லார்னி ஓக் காடுகளை ஆக்கிரமித்து நாசம் செய்கிற வெளிநாட்டுச் செடி அது.

பாசி விஷயத்தில் ப்ளெண்டரைக் குறை சொல்ல வாய் வராது. கில்லார்னி போன்ற மழைக்காடுகளில் பாசி வடக்குப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்காது, கிளையைச் சுற்றி உறைபோல் மூடிவிடும், அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கும். டிஸ்ட்ரிப்யூட் பாயிண்ட்ஸ் ஆன் ஃபேசஸ் நோடில் பாய்சன் டிஸ்க் முறை, குறைந்தபட்ச இடைவெளி 0.012 மீட்டர், அதிகபட்ச அடர்த்தி 4000. அடர்த்திக்கான பெருக்கியாகத் தளத்தின் நார்மல் இசட் மதிப்பை (தளம் எவ்வளவு மேல்நோக்கியிருக்கிறது என்பதை) மேப் ரேஞ்சில் கொடுத்து, -1க்கு 0.25, 0.3க்கு மேல் 1 என்று வைத்தால் அடிப்பக்கம் தானாக மெலியும். ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நாலு விதக் கொத்துகள் போதும். சூரியனுக்கு எதிராக கேமராவை வைத்துக் கிளையின் விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொரு கொத்தின் நுனியிலும் வெளிச்சம் தனித்தனியாகப் பிடித்து, கிளையைச் சுற்றிப் பச்சை ரோமம் எரிவதுபோல் நிற்கும். எந்த டெக்ஸ்சரிலும் இது வராது.

இரண்டு எச்சரிக்கை. தண்டின் ஸ்கேலை கண்ட்ரோல்-ஏ போட்டு அப்ளை செய்யாமல் தூவினால் அடர்த்தியும் கொத்தின் அளவும் தாறுமாறாகும். ரியலைஸ் இன்ஸ்டன்ஸஸ் நோடைத் தப்பித்தவறியும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் நினைவகம் அம்பேல். வியூபோர்ட் திணறினால் இஸ் வியூபோர்ட் நோடை ஒரு ஸ்விட்சில் இணைத்து, திரையில் மட்டும் அடர்த்தியை 5 சதவீதம் ஆக்கிவிடலாம்.

இனி மூடுபனி.

பலரும் முதலில் செய்வது, வேர்ல்டு வால்யூமில் வால்யூம் ஸ்கேட்டரை (பனிபோல் ஒளியைச் சிதறடிக்கும் நோடை) இணைப்பது. இணைத்ததும் சூரியன் காணாமல் போகும். காரணம் எளிது: வேர்ல்டு வால்யூமுக்கு எல்லை இல்லை, சன் லைட்டோ எல்லையற்ற தொலைவில் இருக்கிறது. அதனால் ஒளி வந்து சேர்வதற்குள் முழுதாகக் கரைந்துவிடும். 60 × 60 × 20 மீட்டரில் ஒரு பெட்டி வைத்து அதற்குள் பனியை அடைத்துவையுங்கள். பெட்டியின் அடித்தளம் தரையோடு ஒட்டாமல் ஒரு மீட்டர் கீழே இறங்கியிருக்கட்டும்.

டென்சிட்டி என்பது மீட்டர் கணக்கு. 0.02 வைத்தால் 50 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளின் ஒளியில் ஏறத்தாழ 37 சதவீதம் கேமராவுக்கு வரும், காட்டுக்கு இது சரி. 0.1 வைத்தால் அதே 37 சதவீதம் 10 மீட்டரிலேயே வந்துவிடும், 50 மீட்டரில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. மரத்தை 5 மீட்டருக்குப் பதில் 50 மீட்டரில் மாடல் செய்துவிட்டு "பனி சுவர் மாதிரி நிக்குது" என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. ஒளி எந்தப் பக்கம் அதிகம் சிதறும் என்பதைச் சொல்லும் அனைசோட்ரபி 0.6. கேமரா சூரியனைப் பார்த்தால்தான் கதிர்க்கற்றை தெரியும், முதுகு காட்டினால் வெறும் சாம்பல்.

இதுவரை எல்லாம் சுமுகம். ரெண்டர் பட்டனை அழுத்தியதும் ஆரம்பிக்கிறது கழுத்தறுப்பு.

பனிக்குள் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சைக்கிள்ஸ் சூரியனை நோக்கி ஒரு நிழல் கதிரை அனுப்பும். அந்தக் கதிர் ஒன்பது மரங்களின் இலைக்கூட்டத்தைத் துளைத்துப் போக வேண்டும். இலைகள் ஆல்ஃபா (ஒளிபுகும் பகுதி) வைத்து வெட்டிய தட்டையான கார்டுகளாக இருந்தால், காலி மூலை ஒவ்வொன்றையும் ஒரு டிரான்ஸ்பரன்ட் பவுன்ஸாக எண்ணும். இயல்பான வரம்பு 8. ஒன்பதாவது கார்டின் காலி மூலையே சுவராகி ஒளியை அடைத்துவிடும். விளைவு, மரத்தடியில் பனி கறுத்துக் கிடக்கும், கற்றைகள் பாதியில் அறுந்து நிற்கும். வரம்பை 32 ஆக்கினால் கறுப்பு போய்விடும், ரெண்டர் நேரமும் எகிறும். இணையத்தில் பாதிப் பேர் சாம்பிளை (ஒரு புள்ளிக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கையை) ஏற்றச் சொல்கிறார்கள். சாம்பிளுக்கும் இந்தக் கறுப்புக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையான மருந்து இலையில் இருக்கிறது. ஹேசல் இலை கிட்டத்தட்ட வட்டம், 6 முதல் 12 சென்டிமீட்டர், நுனி சட்டென்று கூம்பும். அந்த வடிவத்திலேயே 14, 16 முகங்களில் மெஷ்ஷை வெட்டிவிட்டு ஆல்ஃபாவைத் தூக்கி எறியுங்கள். இரண்டு மீட்டருக்கு அப்பால் விளிம்புப் பற்கள் தெரியப்போவதில்லை. முகங்கள் கூடினாலும் இன்ஸ்டன்ஸ் என்பதால் நினைவகம் ஏறாது, கதிர் இலையில் பட்டதும் நின்றுவிடும், காலி இடத்தில் எதையும் எண்ணாமல் போய்விடும். இலைக்குப் பிரின்சிபிள்டோடு டிரான்ஸ்லூசென்ட் 35 சதவீதம் கலக்குங்கள். டிரான்ஸ்மிஷன் ஸ்லைடரைத் தொடாதீர்கள், இலை கண்ணாடித் துண்டாகிவிடும்.

அதற்குப் பிறகும் பனி அடங்காது. வால்யூம் பவுன்ஸ் இயல்பாக 0, அப்படியே விட்டால் நிழல் பகுதி கடினமாக இருக்கும். 1 வைத்தால் மென்மை வரும், புள்ளி இரைச்சலும் கூடவே வரும். திட்டுத்திட்டாகப் பனி வேண்டும் என்று டென்சிட்டியில் நாய்ஸ் டெக்ஸ்சர் சொருகினால், எஞ்சின் பெட்டியைத் துண்டு துண்டாக அளந்து நடக்கத் தொடங்கும். தானாக எடுக்கும் அடி, பெட்டி அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு. நம் பெட்டியில் அது நாலைந்து மீட்டர். அரை மீட்டர்த் திட்டு எப்படித் தெரியும்? ஸ்டெப் ரேட்டை 0.1 ஆக்கினால் தெரியும், நடக்க வேண்டிய அடிகள் பத்து மடங்கு. இரைச்சல் நீக்கும் டீநாய்சர் போட்டால் கற்றைக்குள் இருக்கும் சுள்ளி நிழல்களையெல்லாம் இழுகி வழித்துவிடும். அனிமேஷன் என்றால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அந்த இழுகல் துடிக்கும்.

ஆகவே ஏமாற்று வேலைதான் வழி. காட்டைப் பனியே இல்லாமல் ரெண்டர் செய்யுங்கள். மிஸ்ட் பாஸை (தூரத்தைச் சாம்பல் அளவாகத் தரும் படத்தை) இயக்கி, தொடக்கம் 4 மீட்டர், ஆழம் 40 மீட்டர் வைத்து, கம்பாசிட்டரில் கலர் ராம்ப் வழியாகச் சாம்பல் நீலத்தோடு மிக்ஸ் செய்தால் தூரப் பனி இலவசமாக வந்துவிடும். கற்றைக்கு மட்டும் லிங்க்டு காப்பியாக இன்னொரு சீன்: மரக் கலெக்‌ஷன்கள் ஹோல்டவுட் (மறைக்கும், படத்தில் வராது), பனிப்பெட்டி மட்டும் தெரியும், ரெசல்யூஷன் 50 சதவீதம், திட்டு கிடையாது, ஒரே சீரான பனி. அதைப் பெரிதாக்கி ஆட் முறையில் மேலே சேருங்கள். கற்றை இயல்பிலேயே மங்கலான வஸ்து, பாதி ரெசல்யூஷனை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ப்ளெண்டரின் இன்னொரு வேக எஞ்சினான ஈவீயில் பனி சட்டென்று வரும் என்பது உண்மை. ஆனால் இயல்பான அமைப்பில் 1:8 ரெசல்யூஷனும் 64 அடுக்குகளும்தான். இலை இடுக்கில் வரும் விரல்கனக் கற்றை அதில் பஞ்சாகிவிடும்.

வெளிச்சத்தை ஊகத்தில் வைக்காதீர்கள். கில்லார்னி 52 டிகிரி வடக்கு. கெல்டிக் பண்டிகையான சாம்ஹைன் நாள், நவம்பர் 1, நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். சன் லைட்டின் ஆங்கிள் அரை டிகிரிக்கு மேல் போனால் கற்றையின் விளிம்பு கரையத் தொடங்கும். கற்றை போதவில்லையென்றால் கேமராவுக்கு வெளியே, சூரியப் பாதையில், நிஜ ஓட்டைகள் வெட்டிய தட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஆல்ஃபா ஓட்டை வேண்டாம், மறுபடி அதே பவுன்ஸ் கணக்கில் போய் மாட்டுவீர்கள். வியூ டிரான்ஸ்ஃபார்ம் (திரைக்கான நிற மாற்றம்) ஏஜிஎக்ஸே இருக்கட்டும், வெளிச்சம் பட்ட பச்சையை அது வெளிறச் செய்வது ஈரக் காட்டுக்குப் பொருத்தம்.

கிணற்றுத் தண்ணீருக்கு மெனக்கெட வேண்டாம். கறுப்புத் தளம், ரஃப்னஸ் 0.03, லேசான பம்ப், மேலே மிதக்கும் தோடுகள் பத்துப் பதினைந்து.

தீர்ப்பு? பாசி, இலை, இன்ஸ்டன்ஸ் எல்லாவற்றிலும் ப்ளெண்டருக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம், காசும் வாங்குவதில்லை. ஆனாலும், கெடு வைத்துக் காசு வாங்கிச் செய்யும் மூடுபனிக் காட்சி, அதுவும் அனிமேஷன் என்றால், சைக்கிள்ஸை நம்பி இறங்காதீர்கள். இலவச மென்பொருளைத் திட்டலாமா என்று கேட்பவர்கள் ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடிய மாதத்துக் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு வரட்டும். மூடுபனிக் காட்சிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. கேட்ட நண்பருக்கு மட்டும் ஒரு வார்த்தை: கார்டை மாற்றாதீர்கள், அந்தக் காசில் ரேமை 64 ஜிபி ஆக்குங்கள்.