ஏற்காட்டு மேடைக்கு புது பேண்டு: காஸ்ட்லெஸ் கலெக்டிவா, அகமா?

மே மாசம் ஏற்காடு கோடை விழான்னாலே மலர் கண்காட்சி, நாய் கண்காட்சி, படகுப் போட்டின்னு போகும், அதுல புதுசா ஒரு பேண்டு சேக்கணும்னா யாரக் கூப்டலாம்னு நேத்து ஃப்ரெண்டுக்கும் எனக்கும் ஒரே சண்டை, கையில தட்டுவடை செட்டோட.

அவன் சொன்னது அகம். பெங்களூர் பேண்டு, 2003ல ஆரம்பிச்சது, கர்நாடக சங்கீதத்த ராக்கோட கலந்து அடிப்பாங்க, அவங்க பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் ஒரு ஆலாபனைய இழுத்தா பனிமூட்டத்துல அப்டியே கரைஞ்சு போயிடலாம். ஆனா அது பொறுமையா உக்காந்து கேக்கற விஷயம்ப்பா, பஜ்ஜி வாங்க வந்த கூட்டம் நிக்குமா?

என் ஓட்டு காஸ்ட்லெஸ் கலெக்டிவ்க்குத்தான். பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்குனது, 2018 ஜனவரில சென்னையில மொத மேடை, அப்பவே 19 பேர். கானா, ராப், ராக், பறைன்னு எல்லாம் ஒண்ணா வரும், பாட்டு சாதிய நேராவே கேள்வி கேக்கும், வேடிக்க பாக்க வந்தவனும் ரெண்டு நிமிஷத்துல ஆடிட்டிருப்பான்.

ஒரே சிக்கல் மலை ஈரம். பறைத்தோல் தொய்ஞ்சுரும், தீ மூட்டிக் காய்ச்சிட்டேதான் அடிக்கணும். அகத்தோட வயலினுக்கும் சுருதி மாறும்தான், ஆனா அத மேடையிலயே முறுக்கி சரி பண்ணிக்கலாம், இந்த ஒரு பாயிண்ட் அகத்துக்கு. அப்புறம் பேண்டு ஆளுங்க எல்லாரையும் சாமானையும் 20 கொண்டை ஊசி வளைவு ஏத்தணும், வேன்ல எத்தன பேரு வாந்தி எடுப்பாங்களோ!