லேத் (கடைசல் மெஷின்) ஓட்டும் தம்பிக்குக் குறுகிய வகுப்பா, எஸ்எல்டிஎன்னா?

பினாங்கில், பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ மெஷின் ஷாப்பில் வேலை செய்பவருக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும்.

ஒன்று, சில நாள் சிஎன்சி வகுப்பு, அதாவது கணினிக் கட்டளையில் ஓடும் மெஷினைக் கற்பது. 1989-இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் போன்ற இடங்களில் படிக்கலாம். 10 பேரோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளர் உள்ள தொழிற்சாலை, சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைப் பயிற்சிக்கான மனிதவள லெவியாக (கட்டாயக் கட்டணமாக) கட்டுகிறது. அது உங்கள் சம்பளத்தில் பிடிப்பதல்ல, முதலாளி தருவது. அந்தப் பணத்தில் அனுப்பச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

கையால் லேத் ஓட்டிப் பழகியவருக்கு இந்த வகுப்பு நன்றாகப் பிடிபடும். இரும்பு எப்படி வெட்டுப்படும், டூல் எப்போது மழுங்கும் என்பது காதுக்கே தெரியும். ஜி-கோடும் (மெஷினுக்குத் தரும் கட்டளைகள்) ஆஃப்செட்டும் (டூலின் அளவை மெஷினுக்குச் சொல்லும் திருத்தம்) தான் புதிது. ஆனால் திரும்பி வந்ததும் தொட ஒரு சிஎன்சி மெஷின் வேண்டும். இல்லையென்றால் மாதத்துக்குள் மறந்துபோகும்.

மற்றது எஸ்எல்டிஎன், அதாவது வேலையிடத்திலும் மையத்திலும் சேர்த்துப் படிக்கும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம். 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்தில், மீதி மையத்தில். முடிவில் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ். வேலை மாறினாலும் அது கூடவே வரும். மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) பிடிக்கவே இப்போதுதான் கற்கும் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். சொல்லித்தரும் மூத்தவர் பொறுமைசாலியா என்று முதலில் பாருங்கள், பாதிப் படிப்பு அவர் கையில்.

அப்புறம், பல வருட அனுபவம் உள்ள அண்ணன்மார் வகுப்புக்கே போகாமல், செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி பிபிடி (முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை) வழியாகவும் எஸ்கேஎம் வாங்கலாம்.