பூஞ்சை பிடித்த தீவனத்துக்கு வைட்டமின் போதுமா? என் மூன்று வருட அனுபவம்

ஆறு கறவை மாடுகளுக்கு மூன்று வருடமாக வைட்டமின் ஈ, செலினியம் கலந்த பவுடரும் இடையிடையே பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் கொடுத்து வருகிறேன். தீவன நச்சுக்கு இது முறிவு என்று நம்பி வாங்குபவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள், முதல் ஒன்றரை வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்துவிட்டது. மாடுகள் தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கின, சாணம் இளகியது, பால் குறைந்தது. பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சாக இருக்கும், ஈரலைத்தான் முதலில் தாக்கும் என்று சொன்ன மருத்துவர் அந்தப் புண்ணாக்கை உடனே நிறுத்தச் சொல்லி, இந்த வைட்டமின்களையும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் மாடுகள் பழையபடி தின்றன. எல்லாம் வைட்டமினால்தான் என்று நினைத்துக்கொண்டேன், புண்ணாக்கை நிறுத்தியது கணக்கிலேயே வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் லேசாகப் பூசணம் தெரிந்த மூட்டையை, வைட்டமின்தான் கொடுக்கிறோமே என்று தைரியமாகப் போட்டேன். மாடுகள் பார்க்க நன்றாகவே இருந்தன, பால் கூடக் குறையவில்லை. ஆனால் பாலைச் சோதனைக்குக் கொடுத்தபோது அஃப்ளாடாக்சின் எம்1 (மாடு தின்ற அஃப்ளாடாக்சின் உடலில் மாறிப் பாலில் இறங்கும் வடிவம்) வரம்பைத் தாண்டியிருந்தது. பாலைக் காய்ச்சினாலும் இது போகாது. அந்தப் பாலை என் குழந்தைகளும் குடித்திருந்தார்கள், அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

வைட்டமின் ஈயும் செலினியமும் ஈரல் செல்களில் நச்சு உண்டாக்கும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்க உதவும். நச்சை அழிக்காது, அது பாலில் இறங்குவதையும் தடுக்காது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால்தான் சில நாட்களில் பால் தெளியும், எங்களுக்கும் ஒரு வாரம் கழித்து எடுத்த சோதனையில் சரியாக இருந்தது. குடலிலேயே அஃப்ளாடாக்சினைப் பிடித்து வைப்பது பென்டோனைட் களிமண் வகை பைண்டர்தான், ஆனால் அது எல்லாப் பூஞ்சை நச்சையும் பிடிக்காது.

செலினியத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். காய்ந்த தீவனம் 1 கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் இருந்தாலே மாட்டுக்குப் போதும், அளவு மீறிப் போனால் அதுவே விஷம். நான் தாது உப்புக் கலவையோடு இந்தப் பவுடரையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இரண்டிலும் செலினியம் இருந்தது. மருத்துவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

இப்போது மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குகிறேன், கட்டி கட்டியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வைட்டமின் பவுடரை நிறுத்தவில்லை, கன்று ஈனும் சமயத்திலும் நோயிலிருந்து தேறும்போதும் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கிறேன், அந்த வேலைக்கு அது நன்றாகவே உதவுகிறது.