பழைய செம்புக் கம்பியா, ஃபைபரா? தங்கச்சிமடத்தில் நின்று ஒரு கணக்கு

அண்ணன் வீட்டுத் திண்ணைக்கு மேலே டெலிபோன் ஒயர் இறங்கும் இடத்தில் ஒரு ஜாயின்ட். போன மழைக்காலத்தில் லைன்மேன் டேப்பைப் பிரித்தார். செம்பு தெரியவே இல்லை, முழுக்கப் பச்சைக் களிம்பு. ராமேஸ்வரம் தீவு, இரண்டு பக்கமும் கடல், உப்புக்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? வீட்டு நெட்டுக்கு இந்தக் கம்பியே போதுமா, ஃபைபர் இழுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

போன் கம்பியிலேயே நெட் தரும் டி.எஸ்.எல். பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பி ஏற்கெனவே வீடு வரை வந்திருக்கிறது, தெருவைத் தோண்ட வேண்டாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வீட்டு லைன்களை நெட்டோடு இணைக்கும் டிஎஸ்லாம் என்ற பெட்டி, வீட்டில் மோடமும், பேச்சையும் டேட்டாவையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் போதும். நம் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், டேட்டா 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தனியாக ஓடும். அதனால்தான் பேசிக்கொண்டே நெட் பார்க்க முடிகிறது.

சிக்கல் தூரத்தில். டி.எஸ்.எல்.லில் ஒரு வகை ஏ.டி.எஸ்.எல்.2+, வேகம் காகிதத்தில் 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பாக்கியம். 5 கிலோமீட்டர் தள்ளி ஒன்றிரண்டு கிடைத்தாலே பெரிது. இன்னொரு வகையான வி.டி.எஸ்.எல்.2, 100 எம்பிபிஎஸ் வரை போகும், ஆனால் சில நூறு மீட்டருக்குள். கீழக்கரை மாதிரி வீடுகள் ஒட்டி நிற்கும் தெருக்களுக்கு அது சரி. தோப்புக்குள் வீடு, கரையோரம் குப்பம் என்று சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு ஒத்துவராது. அதோடு, கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு ஜாயின்ட், அவ்வளவு களிம்பு. போனில் லேசான கரகரப்பு என்றால் பேச்சு ஒப்பேறிவிடும். மோடம் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மினுக்கும்.

ஃபைபர் கண்ணாடி இழை. உப்பு அரிக்காது, 20 கிலோமீட்டர் வரை வேகம் குறையாது. இழுக்கும் செலவுதான் கை கடிக்கும். அறுந்தால் முறுக்கிக் கட்டவும் முடியாது, இழையை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வர வேண்டும். மொபைல் டேட்டாவை மூன்றாவதாகச் சொல்வார்கள். சாயங்காலம் டவரில் கூட்டம் ஏறியதும் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

என் ஓட்டு ஃபைபருக்கு. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு, ரிசீவரை எடுத்தால் டயல்டோன் சுத்தம் என்றால் மட்டும் டி.எஸ்.எல். போதும், வீண் செலவு எதற்கு?

அண்ணன் ஃபைபருக்குச் சொல்லிவிட்டார். ஆனால் பழைய போனைக் கழற்ற விடமாட்டேன் என்கிறார். அதற்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருகிறது. ஃபைபர் பெட்டிக்கோ வீட்டுக் கரண்ட் வேண்டும். 1964 புயலைக் கண்ட தீவு இது. கரண்ட் போன ராத்திரியில் போன் அடிக்க வேண்டும் என்று அவர் சொன்னால் நான் என்ன மறுத்துப் பேச? அந்த ஜாயின்ட்டை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.