விழித்திருக்கும் மூளை அறுவைக்கு எது நல்லது: புரபோஃபாலா, டெக்ஸ்மெடிடோமிடினா?

நோயாளியைப் பேசவைத்தபடியே மொழிப் பகுதிக்கு அருகிலுள்ள கட்டியை அகற்றும் அறுவைகளில் உறக்கம் தரும் இந்த இரு மருந்துகளில் இப்போது நான் தேர்ந்தெடுப்பது டெக்ஸ்மெடிடோமிடின். புரபோஃபால் விரைவாக மயக்கும், விரைவாகத் தெளியும். அதை மறுப்பவர் யாருமில்லை. என் முடிவுக்குக் காரணம், மூளையின் நடுவிலிருந்து அதன் வெளிப்படலமான புறணிக்குப் புலன் செய்திகளைக் கடத்தும் தலாமஸ்.

மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. திரையில் இரு மருந்துகளும் மெதுவான அலைகளையே காட்டுகின்றன. அவை பிறக்கும் வழிதான் வேறு. புரபோஃபால், நரம்பணுக்களை அடக்கும் காபா ஏற்பிகளின் தடுப்பாற்றலைப் பெருமூளைப் புறணி, தலாமஸ் இரண்டிலும் கூட்டுகிறது. 1 ஹெர்ட்ஸுக்கும் குறைந்த அலைகளோடு, நெற்றிப் பக்கம் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை இடைவிடாமல் ஓடுகிறது. தலாமஸும் புறணியும் ஒரே தாளத்தில் பூட்டிக்கொண்டதன் அடையாளம் அது என்கின்றன கணினி மாதிரிகள். 2020இல் வெளியான குரங்கு ஆய்வில், மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே தலாமஸின் மையப் பக்கவாட்டுக் கருவை (ஒரு நரம்பணுத் தொகுதி) 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் தூண்டியதும் குரங்குகள் கண் திறந்தன. பூட்டு அவ்வளவு உறுதியானது. வெறும் குரலுக்கு அது திறப்பதில்லை.

டெக்ஸ்மெடிடோமிடின் மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செரூலியஸ் என்ற கருவை அடக்கி, விழிப்பூட்டும் நோர்அட்ரினலினைக் குறைக்கிறது. இயல்பான உறக்கத்திலும் அந்தக் கருவின் துடிப்பு தணிகிறது. தூண்டல் குறைந்த தலாமஸ் நரம்பணுக்களின் மின்னழுத்தம் இறங்க, அவற்றில் கால்சியம் உட்புகும் டி-வகை வழிகள் தயாராகின்றன. அணுக்கள் கொத்துக்கொத்தாகத் துடிக்கத் தொடங்குகின்றன. மெதுவான டெல்டா அலைகளுக்கு நடுவே ஓரிரு நொடி நீளும் ஸ்பிண்டில்கள் என்ற வேகமான அலைக்கொத்துகள் வந்து போகின்றன. இந்த விட்டுவிட்டு வரும் தன்மையைத்தான் நான் திரையில் தேடுகிறேன். "ஐயா, கண்ணைத் திறந்து பாருங்கள்" என்றால் போதும்: மூளைத்தண்டு விழிக்கிறது, தலாமஸ் மீண்டும் ஒலியைப் புறணிக்குக் கடத்துகிறது, நோயாளி படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறார். பேச்சை நிறுத்தினால் மறுபடி உறங்கிவிடுகிறார். மொழிச் சோதனைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மெதுவான அலை முழுவதும் தலாமஸின் படைப்பு என்று சொல்லவில்லை. தலாமஸ் சிதைக்கப்பட்ட பூனைகளிலும் புறணி தானாகவே அந்த அலையை எழுப்புவதை நரம்பியல் ஆய்வாளர் ஸ்டெரியாடின் குழு 1993இலேயே காட்டிவிட்டது. அலைக்கு வடிவம் கொடுப்பதிலும், எழுப்பும்போது வழிவிடுவதிலும்தான் தலாமஸுக்குப் பெரும்பங்கு.

குறைகளும் உண்டு. தொடக்க அளவை 10 நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். நாடித்துடிப்பு இறங்கும், இரத்த அழுத்தமும் சரியலாம். மண்டையோட்டைத் திறக்கும்போது நானே சிறிது புரபோஃபால் சேர்த்து, சோதனைக்கு முன்பே நிறுத்திவிடுகிறேன். குழந்தைகளிடம் எனக்கு அனுபவம் குறைவு. இங்கே சொன்னது பெரியவர்களுக்கு மட்டுமே. நாடி ஏற்கெனவே 50க்குக் கீழே உள்ளவர் என்றால் புரபோஃபாலையே எடுக்கிறேன்.